கிளிக்கு எண்ணெய் குடுக்கலாமா? எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, எப்படி குடுக்கணும்: முழுமையான வழிகாட்டி

வீட்ல காக்டெயில் (cockatiel), கனூர், கிரே பேரட்னு வெளிநாட்டு கிளிங்க வளக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. "இறகு டல்லா இருக்கு, எப்ப பாத்தாலும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, சாப்பாட்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து குடுக்கவா?" நானும் இதே கேள்வியோட தான் ஆரம்பிச்சேன். என்னோட காக்டெயில் பேரு குட்டி, அது வந்த புதுசுல பறவை வாங்கின கடையிலேயே ஒருத்தர் "தினமும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விதையில பிசறி வைங்க, இறகு பளபளன்னு ஆயிடும்"னு சொன்னாரு, நானும் நம்பி மூணு மாசம் குடுத்தேன். 92 கிராம் இருந்த பறவை 118 கிராம் ஆச்சு, நாலடி பறந்தாலே வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு வாங்குச்சு. டாக்டர் நெஞ்சுல இருந்த இறகை விலக்கி காட்டினப்போ தோலுக்கு அடியில மஞ்சளா கொழுப்பு படிஞ்சு கிடந்தது கண்ணுக்கே தெரிஞ்சுது. அதை பழைய எடைக்கு கொண்டு வர எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

அதுக்காக எண்ணெயே கூடாதுன்னு நான் சொல்லல. சரியான பறவைக்கு, சரியான எண்ணெயை, சொட்டுக் கணக்குல குடுத்தா பிரயோஜனம் இருக்கு. ஆனா எந்தப் பறவை எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, அங்க அது என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரியாம எண்ணெய் பாட்டிலைத் திறக்காதீங்க. மத்த எல்லாமே இதுல இருந்து தான் வருது.

இன்னொன்னு, நம்ம ஊரு பச்சைக்கிளிக்கு இது எதுவும் இங்க எழுதல. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி ரெண்டையும் கூண்டுல வளக்குறது 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம், அது மரத்துல இருக்க வேண்டிய பறவை. இங்க பேசுறது காக்டெயில், லவ் பேர்ட்ஸ், கனூர், கிரே, மக்காவ் மாதிரி வெளிநாட்டு கிளிகளைப் பத்தி மட்டும் தான்.

முதல்ல உங்க பறவையோட ஊர் எதுன்னு பாருங்க

நாம லவ் பேர்ட்ஸ்னு கூப்பிடுற பட்ஜி, அப்புறம் காக்டெயில், ரெண்டுமே ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுப் பகுதில இருந்து வந்தது. அங்க அதுங்களோட சாப்பாடு முக்கியமா புல் விதை, நம்ம தினை சாமை மாதிரி. தினையில கொழுப்பு 100 கிராமுக்கு 4 கிராம் அளவுல தான் இருக்கும். அந்த விதையைத் தேடி நாள் முழுக்க கிலோமீட்டர் கணக்குல பறக்குற பறவை அது. அதைப் பிடிச்சு ரெண்டடி கூண்டுல வெச்சு 100 கிராமுக்கு 50 கிராம் கொழுப்பு இருக்கிற சூரியகாந்தி விதையைக் குடுத்து, அதுக்கு மேல எண்ணெயும் ஊத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சு பாருங்க. குட்டிக்கு நான் பண்ணது இதைத் தான்.

கிரே பேரட் கதை வேற. அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காட்டுப் பறவை, எண்ணெய்ப் பனையோட சொந்த ஊரும் அதே தான், காட்டுல அந்த செக்கச்செவேல்னு சிவந்த பனம்பழத்தோட சதையை கிரே கொத்திக் கொத்தி சாப்பிடும். மக்காவ்லயும் நீல நிற பெரிய மக்காவ் ஒன்னு இருக்கு, ஹயசிந்த் மக்காவ்னு சொல்வாங்க, பிரேசில் பக்கம் பான்டனால் சதுப்பு நிலத்துல இருக்கிறதுக்கு ரெண்டு வகை பனங்கொட்டை தான் பிரதான சாப்பாடே. அதனால கிரே, மக்காவ் மாதிரி பறவைகளோட உடம்பு கொஞ்சம் கொழுப்பைத் தாங்கும், பட்ஜி காக்டெயில் அந்த அளவுக்கு தாங்காது. கனூர் நடுவுல இருக்கு. அமேசான் கிளி காட்டுல எல்லாத்தையும் சாப்பிடும் தான், ஆனா வீட்ல வளக்குறப்போ ரொம்ப சீக்கிரம் குண்டாகுற ஜாதி, ரத்தக்குழாய்ல கொழுப்பு படியிற பிரச்சனை கிரே, அமேசான் ரெண்டுலயும் நிறைய பாக்குறாங்க, அதனால "கிரே தாங்கும்"னு நான் சொன்னதை இஷ்டத்துக்கு குடுக்கலாம்னு எடுத்துக்காதீங்க. லோரி வகை இருக்கே, தேன் குடிக்கிற கிளி, அதுக்கு எண்ணெய் தேவையே இல்ல, விட்டுடுங்க.

ரெண்டாவது, எடை போடுங்க, உடம்பைத் தொட்டுப் பாருங்க, வாயைப் பாருங்க

எண்ணெய் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இது மட்டும் தான் வேலை. கிராம் கணக்கு காட்டுற கிச்சன் தராசு ஒன்னு போதும், அதுமேல ஒரு சின்ன குச்சி ஸ்டாண்டை வெச்சு பழக்கிட்டா பறவை தானா ஏறி உக்காரும். காலைல முதல் எச்சம் போட்டதுக்கு அப்புறம், சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டு ஒரு நோட்ல எழுதுங்க. காக்டெயில் சுமார் 80 முதல் 110 கிராம், பட்ஜி 30 முதல் 40, சன் கனூர் 100 முதல் 120, கிரே 400 முதல் 500 கிராம் பக்கம் இருக்கும். ஆனா ஒவ்வொரு பறவைக்கும் எலும்புக்கட்டு வேற, அதனால அட்டவணையை விட உங்க பறவையோட சொந்த எடை எப்படி மாறுதுங்கறது தான் முக்கியம்.

எடையை விட விரல் சரியா சொல்லும். நெஞ்சுக்கு நடுவுல மேல இருந்து கீழ ஒரு எலும்பு ஓடும், அதுமேல விரலை வெச்சு மெதுவா தடவுங்க. எலும்பு லேசா தட்டுப்படணும், ரெண்டு பக்கமும் சதை உருண்டையா இருக்கணும். எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருந்தா பறவை மெலிஞ்சு போயிருக்கு, எலும்பே தெரியாம நடுவுல பள்ளம் விழுந்து ரெண்டு பக்கமும் பொம்முன்னு இருந்தா குண்டு. குண்டா இருக்கிற பறவைக்கு எந்த எண்ணெயும் கிடையாது, இங்கேயே நிறுத்திட்டு சாப்பாட்டை சரி பண்ணுங்க.

அடுத்து வாய். பறவை கொட்டாவி விடுறப்போ செல்போன் டார்ச்சை சைடுல பிடிச்சு மேல் அண்ணத்தைப் பாருங்க, நடுவுல ஒரு பிளவு இருக்கும், அந்தப் பிளவோட ஓரத்துல சின்னச் சின்ன முள்ளு மாதிரி சீப்புப் பல்லு கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கும். நல்லா இருக்கிற பறவைக்கு அந்த முள்ளு கூரா இருக்கும். விட்டமின் ஏ குறைஞ்ச பறவைக்கு அது மழுங்கிப் போயிருக்கும், சில சமயம் காணாமலே போயிருக்கும், வாய்க்குள்ள வெள்ளையா திட்டு திட்டா கட்டி வரும், மூக்கு அடைச்சுக்கும், அடிக்கடி சளி பிடிக்கும். காலைத் தூக்கி பாதத்தோட அடிப்பக்கத்தையும் பாருங்க, ரேகை ரேகையா சொரசொரன்னு இருக்கணும், மழுமழுன்னு சிவந்து இருந்தா அதுவும் இதே சந்தேகம் தான். வெறும் விதை மட்டும் சாப்பிடுற கிளிங்க கிட்ட நான் அதிகமா பாத்தது இந்தக் குறை தான், எண்ணெய்க் குறை இல்ல. சூரியகாந்தி விதையில கொழுப்பு தாராளமா இருக்கு, விட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்ல, கால்சியமும் கம்மி. இறகு டல்லா இருக்கிறதுக்கு காரணம் கொழுப்பு பத்தாததுன்னு நினைச்சு மேல மேல கொழுப்பையே ஊத்துறோம்.

வெள்ளைத் திட்டு தெரிஞ்சாலோ, அலகு கண்ணாபின்னான்னு நீளமா வளந்து அதுல கருப்புப் புள்ளி மாதிரி ரத்தக்கட்டு இருந்தாலோ, எச்சத்துல வெள்ளையா இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாவோ பச்சையாவோ வந்தாலோ வீட்டு வைத்தியம் எதையும் ஆரம்பிக்காதீங்க. கடைசியா சொன்ன ரெண்டும் கல்லீரல் கெட்டுப்போன அறிகுறியா இருக்கலாம், அந்த நிலைமைல எண்ணெய் குடுக்குறது விஷம் குடுக்குற மாதிரி. பறவை பாக்குற டாக்டர் கிட்ட தூக்கிட்டு போங்க. சென்னையில இருக்கிறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம், வெளியூர்ல இருக்கிறவங்க பறவை பாத்து பழகின டாக்டரா விசாரிச்சு போங்க, மாடு நாய் மட்டும் பாக்குறவங்களுக்கு 35 கிராம் பறவையோட கணக்கு கஷ்டம்.

மூணாவது, இப்ப என்ன சாப்பிடுதுன்னு எழுதுங்க

கிண்ணத்துல நீங்க என்ன போடுறீங்கன்னு எழுதாதீங்க, அது எதை முழுங்குதுன்னு பாத்து எழுதுங்க. தினை, கம்பு, குசும்பா விதை, சூரியகாந்தி எல்லாம் கலந்த மிக்ஸ்னு வாங்கி போடுவோம், அது சூரியகாந்தியை மட்டும் பொறுக்கி எடுத்து சாப்பிட்டுட்டு மத்ததை தரையில இறைச்சுடும். சாயந்திரம் கிண்ணம் நிறைஞ்சு இருக்கிற மாதிரி தெரியும், ஊதிப் பாத்தா அத்தனையும் உமி.

நல்ல கம்பெனி பெல்லட் (சத்தெல்லாம் கலந்து குருணை மாதிரி செஞ்ச ரெடிமேட் தீனி) சாப்பிடுற பறவையா இருந்தா அதுலயே விட்டமின் ஏ, டி3, கொழுப்பு எல்லாம் அளந்து போட்டிருப்பாங்க. அது கூட கீரை காயும் சாப்பிட்டா எண்ணெய் சப்ளிமென்ட் தேவைப்படாது, காசை மிச்சம் பண்ணுங்க. எண்ணெயால நிஜமாவே பலன் இருக்கிறது யாருக்குன்னா, விதையில இருந்து காய் கீரைக்கு மாறிட்டு இருக்கிற பறவைக்கு, எடை சரியாவோ கொஞ்சம் கம்மியாவோ இருக்கிற கிரேவுக்கு, மக்காவுக்கு, அப்புறம் இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிற சமயத்துல காய் சாப்பிட அடம் பிடிக்கிற பறவைக்கு.

நாலாவது, எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறது

இதுல தான் குழப்பம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

கிளிக்குன்னு எண்ணெய் தேடினா முதல்ல வர்றது ரெட் பாம் ஆயில், சிவப்பு பாமாயில். எண்ணெய்ப் பனையோட பழச்சதையில இருந்து எடுத்து சுத்திகரிக்காம விட்ட எண்ணெய் இது, நிறம் நல்ல குங்குமப்பூ கலந்த சிவப்பு, அந்த சிவப்பே கரோட்டின் தான், ஒரு கிலோ எண்ணெய்ல 500 முதல் 700 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும், விட்டமின் ஈ-யும் நிறைய. கிளியோட உடம்பு கரோட்டினை தனக்கு வேணுங்கற அளவுக்கு மட்டும் விட்டமின் ஏ-வா மாத்திக்கும், மீதியை மாத்தாது. அதனால நேரடியா விட்டமின் ஏ சொட்டு மருந்து குடுக்குறதை விட இது பாதுகாப்பு. காக்டெயிலுக்கெல்லாம் விட்டமின் ஏ கூடிப் போனாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து, அதான் இதைச் சொல்றேன்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். ரேஷன் கடையில வாங்குற பாமாயில் இது இல்ல. அந்தப் பாக்கெட் எண்ணெயும் அதே பனம்பழத்துல இருந்து வந்தது தான், ஆனா அதை நிறம் நீக்கி, வாசம் நீக்கி, சுத்திகரிச்சு விக்கிறாங்க, அந்த வேலையிலேயே கரோட்டின் போயிடும். மஞ்சளா தெளிவா இருக்கும். சமையலுக்கு சரி, கிளிக்கு அதுல ஒன்னுமே இல்ல, வெறும் கொழுப்பு. "பாமாயில் குடுத்தேன், ஒன்னும் ஆகல"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இதைத் தான் குடுத்திருக்காங்க. சிவப்பு பாமாயில் ரூம் சூட்டுல பாதி கெட்டியா இருக்கும், நம்ம ஊரு வெயில்ல மேல சிவப்பா திரவமும் அடியில வெளிறின மாவு மாதிரியும் ரெண்டா பிரிஞ்சு நிக்கும். கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, சுத்தமான காய்ஞ்ச ஸ்பூனால கலக்கிட்டு எடுங்க.

ஆனா இதையும் மந்திரம் மாதிரி நினைக்க வேண்டாம், ஒரு கணக்கு சொல்றேன். ஒரு சொட்டு எண்ணெய் சுமார் 0.05 மில்லி. அந்த ஒரு சொட்டு சிவப்பு பாமாயில்ல கரோட்டின் 0.03 மில்லிகிராம் இருந்தா அதிகம். 100 கிராம் கேரட்ல சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கு, அப்போ ஒரே ஒரு கிராம் கேரட் துருவல்ல 0.08. எண்ணெயை விட ரெண்டு மடங்குக்கு மேல! ஆனா கேரட்ல இருக்கிறது நார்ச்சத்துக்குள்ள சிக்கிக்கிட்டு இருக்கும், கொஞ்சம் கொழுப்பு கூட சேந்தா தான் குடல் அதை உறிஞ்சும். அதனால எண்ணெயோட உண்மையான வேலை, கூட இருக்கிற காயில இருக்கிற சத்தை உள்ள கொண்டு போறது. வெறும் எண்ணெயை நக்க விடுறதை விட கேரட் துருவல்ல ஒரு சொட்டு விட்டுப் பிசறிக் குடுக்குறது தான் புத்திசாலித்தனம்னு நான் சொல்றது இதனால தான்.

தேங்காய் எண்ணெய்: நம்ம வீட்ல எப்பவும் இருக்கு, அதனால எல்லாரும் இதுக்கே போறாங்க. இதுல சுமார் 90 சதவீதம் நிறை கொழுப்பு, பாதி லாரிக் ஆசிட். விட்டமின் ஏ கிடையாது, ஒமேகா 3 கிடையாது, கால்சியம் கிடையாது. விஷம்னு சொல்ல மாட்டேன், சுத்தமான செக்கு எண்ணெய் என்னைக்காவது ஒரு சொட்டு காய்ல பட்டா ஒன்னும் ஆகாது. ஆனா கூண்டுல உக்காந்தே இருக்கிற பறவைக்கு தினசரி குடுக்குறதுக்கு இதுல ஒரு காரணமும் இல்ல.

ஆளி விதை எண்ணெய்: இதுல பாதிக்கு மேல ஒமேகா 3 வகை கொழுப்பு. சூரியகாந்தி, குசும்பா விதை தின்னு வளந்த பறவைக்கு ஒமேகா 6 மட்டும் மலை மாதிரி போயிருக்கும், அதுக்கு இது ஈடு. ஆனா இது ரொம்ப சீக்கிரம் கெடுற எண்ணெய், வெளிச்சம் பட்டா கெடும், சூடு பட்டா கெடும், திறந்து வெச்சா கெடும். அதனால என் வீட்ல எண்ணெயா வாங்குறதை நிறுத்திட்டேன். ஆளி விதையையே வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சு, தேவைப்படுற அன்னைக்கு ஒரு சிட்டிகை அம்மியில பொடிச்சு காய் மேல தூவுறேன். விலையும் கம்மி, சிக்கு வாடை பயமும் இல்ல.

ஆலிவ் எண்ணெய் பரவாயில்ல, கெடுதல் குறைவு, காயோட சத்தை இழுக்க ஒரு சொட்டு போதும், சிவப்பு பாமாயில் கிடைக்காதவங்க இதை வெச்சே வேலையை முடிக்கலாம். நல்லெண்ணெயும் அப்படித்தான், நாட்டுச் செக்குல ஆட்டுறப்போ கருப்பட்டி போடுவாங்க, அடியில மண்டி நிக்கும், மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. கடலை எண்ணெய் வேண்டாம், வேர்க்கடலையில பூஞ்சை பிடிச்சா வர்ற அஃப்லாடாக்சின் சுத்திகரிக்காத எண்ணெய்லயும் தங்கியிருக்க வாய்ப்பு இருக்கு, அது நேரா கல்லீரலை அடிக்கும். கடுகு எண்ணெய் வேண்டாம். அவகாடோ கிளிக்கு விஷம், அதனால அதோட எண்ணெய் பக்கமே போகாதீங்க. பூண்டு, வெங்காயம் போட்டு காய்ச்சின எண்ணெயும் கூடாது.

மீன் எண்ணெய் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பழைய பறவை வளப்புக்காரங்க முட்டை வைக்கிற சீசன்ல காட் லிவர் ஆயிலை விதையில பிசறி வைப்பாங்க, இன்னும் சிலர் அதை சொல்லிக் குடுக்குறாங்க. காட் லிவர் ஆயில்ல விட்டமின் ஏ-வும் டி-யும் நேரடியா, ரொம்ப அடர்த்தியா இருக்கு. மனுஷனுக்குன்னு செஞ்ச ஒரு கேப்சூல் 90 கிராம் பறவைக்கு எவ்ளோ பெரிய டோஸ்னு பாருங்க, டி கூடிப் போனா சிறுநீரகத்துல கால்சியம் படியும். அதோட விதையில தடவி வெச்ச மீன் எண்ணெய் சீக்கிரமே கெட்டு, விதையில இருக்கிற விட்டமின் ஈ-யையும் சேத்து அழிக்கும். டாக்டர் எடை பாத்து எழுதிக் குடுக்காம இதைத் தொடாதீங்க.

அஞ்சாவது, அளவு

ஒரு மில்லி எண்ணெய்ல சுமார் 8 கலோரி. ஒரு காக்டெயிலுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே தோராயமா 20 முதல் 25 கலோரி போதும். நான் குட்டிக்கு குடுத்த ஒரு டீஸ்பூன் அஞ்சு மில்லி, அதாவது 40 கலோரி, கிட்டத்தட்ட ரெண்டு நாள் சாப்பாடு. பாதி கீழ சிந்தியிருந்தாலும் பாருங்க எவ்ளோன்னு. நம்ம சாப்பாட்ல ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒன்னுமே இல்லாத மாதிரி தெரியும், அந்தக் கண்ணால பறவை கிண்ணத்தைப் பாக்கக் கூடாது.

நான் இப்ப பின்பற்றுற அளவு இது, டாக்டர் வேற சொன்னா அவர் சொல்றது தான் சரி. பட்ஜி மாதிரி சின்னப் பறவைக்கு வாரத்துல ஒரு நாள், ரெண்டு பறவைக்கு சேத்து ஒரு சொட்டு. காக்டெயில், கனூருக்கு வாரத்துல ரெண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு சொட்டு. கிரே சைஸ் பறவைக்கு வாரத்துல மூணு நாள், மூணு சொட்டு வரைக்கும். அமேசானுக்கு அதுல பாதி. பெரிய மக்காவுக்கு கால் டீஸ்பூன், அதுவும் கொட்டை பருப்பு கம்மியா சாப்பிடுற நாள்ல. சொட்டு மருந்து விடுற டிராப்பர் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும், அதை வெச்சே எடுங்க, பாட்டிலை சாய்ச்சு ஊத்தாதீங்க. எண்ணெய் குடுக்குற அன்னைக்கு சூரியகாந்தி, பாதாம், வேர்க்கடலை எதுவும் கிடையாது.

இன்னொரு விஷயம், கொழுப்பு கூடினா அது குடல்ல கால்சியத்தோட சேந்து சோப்பு மாதிரி ஆகி, கால்சியம் உடம்புல சேராம வெளிய போயிடும். கிரே பேரட்டுக்கு ஏற்கனவே கால்சியம் குறைஞ்சு வலிப்பு வர்ற சுபாவம் உண்டு, முட்டை போடுற பெண் பறவைக்கும் கால்சியம் உயிர் மாதிரி, அதனால இவங்களுக்கு சொட்டு கூடிடாம பாத்துக்கோங்க.

ஆறாவது, குடுக்குற முறை

மஞ்சள் பூசணி ஒரு துண்டு ஆவியில வேக வெச்சு மசிச்சுக்கோங்க, கேரட் துருவல், பொடியா நறுக்கின முருங்கைக்கீரை, பாதி சிவப்பு மிளகாய் விதையோட. மிளகாய் காரம் பறவைக்கு தெரியாது, அதோட நரம்புக்கு அந்தக் காரம் உறைக்காது, குட்டி முதல்ல அதைத் தான் இழுக்கும். இதெல்லாம் சேத்து ஒரு டேபிள் ஸ்பூன் வரட்டும், அதுல சொட்டை விட்டு விரலால நல்லா பிசறணும், எண்ணெய் எங்கேயும் தேங்கி நிக்கக் கூடாது. சிவப்பு பாமாயிலா இருந்தா பூசணி மேல பட்டதும் நிறம் அப்படியே தூக்கிக் காட்டும், சாப்பிட்டு முடிச்சதும் அலகோட ரெண்டு ஓரத்துலயும் ஆரஞ்சு கறை இருக்கும், குட்டி அதைக் குச்சியில தேச்சுத் தேச்சு துடைக்கும். முகத்து இறகு வரைக்கும் கறை ஏறினா எண்ணெய் ஜாஸ்தின்னு அர்த்தம், அடுத்த தடவை குறைங்க.

விதையில பிசறாதீங்க. கிளி விதையோட உமியை உரிச்சுட்டு பருப்பை மட்டும் தின்னும், எண்ணெய் உமியில இருக்கும், உமி கீழ விழும். நீங்க நினைக்கிற சத்து உள்ள போகாது, கிண்ணத்துல மீதி இருக்கிற விதை கெட்டுப் போகும், அவ்ளோ தான். தண்ணில விடாதீங்க, மேல படலம் கட்டும், கிருமி வளரும், அதுலயே குளிச்சா இறகெல்லாம் எண்ணெய். காலைல வெச்ச சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துல எடுத்துடுங்க, சித்திரை வைகாசி வெயில்ல ஒரு மணி நேரத்துலயே எடுத்துடுங்க, கிண்ணத்தை சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவுங்க.

சிரிஞ்ச்ல வாய்க்குள்ள எண்ணெய் அடிக்கவே கூடாது. கிளிக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்கு முடியிற இடத்துக்குப் பின்னாடியே தான் இருக்கு, திமிறுறப்போ எண்ணெய் அதுக்குள்ள போயிட்டா நிமோனியா, பெரும்பாலும் காப்பாத்த முடியாது. முட்டை மாட்டிக்கிச்சுன்னு விளக்கெண்ணெய் புகட்டுறது இன்னும் சில இடத்துல நடக்குது. முட்டை மாட்டின பறவைக்கு வேணுங்கறது கதகதப்பும் கால்சியமும் டாக்டரும், அந்த அரை மணி நேரத்தை எண்ணெய்ல வீணாக்காதீங்க.

அதே மாதிரி உடம்புல தேய்க்கிறது. சொறியுது, பேன் இருக்குன்னு நம்ம தலைக்குத் தேய்க்கிற மாதிரி தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தடவுறாங்க. பறவையோட இறகு ஒன்னோட ஒன்னு கொக்கி போட்டு மாட்டிக்கிட்டு இருக்கிறதால தான் உடம்பு சூடு உள்ள நிக்குது. எண்ணெய் பட்டா அந்தக் கொக்கி எல்லாம் ஒட்டிப் போய் குளிர் நேரா தோலுக்கு போகும், மார்கழி ராத்திரில ஒரு பட்ஜி தாங்காது. அதுக்கு மேல அந்த எண்ணெயை கோதிக் கோதி அதுவே முழுங்கவும் செய்யும். நிறைய கிளிக்கு வாலுக்கு மேல சொந்தமா ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு, காக்டெயிலுக்கும் கிரேவுக்கும் பவுடர் மாதிரி உதிர்ற இறகும் இருக்கு. அமேசானுக்கு அந்தச் சுரப்பியே கிடையாது, அப்படியும் இறகு நல்லா தான் இருக்கு. சொறியிற பறவைக்கு முதல் வைத்தியம் வெறும் தண்ணி, வாரத்துல மூணு நாள் காலைல ஸ்ப்ரேயர்ல மழை மாதிரி தூவி விடுங்க. அப்படியும் இறகைப் பிடுங்கிக்கிட்டே இருந்தா எச்சத்தை டெஸ்ட் பண்ணுங்க, காக்டெயிலுக்கு குடல்ல ஜியார்டியாங்கற ஒட்டுண்ணி இருந்தாலும் அப்படி அரிக்கும்.

எண்ணெய்னு பேசுறப்போ சமையல் கட்டையும் சொல்லியே ஆகணும். நான் ஸ்டிக் தவா அதிகமா காஞ்சா வர்ற புகை நமக்கு வாசனையே தெரியாது, பக்கத்து ரூம்ல இருக்கிற பறவை சில நிமிஷத்துல செத்துடும். யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய் டிஃப்யூசரும் பறவை இருக்கிற வீட்ல வேண்டாம்.

ஏழாவது, பாதுகாக்குறது

பெரிய பாட்டில் விலை மலிவா இருக்கும், வாங்காதீங்க. ஒரு காக்டெயிலுக்கு வருஷத்துக்கு தேவையே நூத்திச் சொச்சம் சொட்டு, அதாவது அஞ்சு மில்லி பக்கம். கிடைக்கிறதுலயே சின்ன பாட்டிலா வாங்கி, திறந்த அன்னைக்கே பாட்டில் மேல தேதியை எழுதி ஒட்டுங்க. பத்து மில்லி மட்டும் பழுப்பு நிற மருந்து பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கிட்டு, மீதியை வீட்டு சமையல்ல செலவு பண்ணிடுங்க. மூணு மாசத்துக்கு மேல ஆனா பறவைக்கு வேண்டாம், ஆளி விதை எண்ணெயா இருந்தா ஒரு மாசம். ஒவ்வொரு தடவையும் மோந்து பாருங்க, பழைய பலகாரத்து சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ லேசா வந்தா கூட கொட்டிடுங்க. கெட்ட எண்ணெய் உடம்புல இருக்கிற விட்டமின் ஈ-யைத் தின்னுடும், குடுக்காம இருந்திருந்தாலே நல்லதுங்கற நிலைமை ஆயிடும்.

எட்டாவது, கவனிக்கிறதும் நிறுத்துறதும்

ஆரம்பிச்ச முதல் வாரம் தினமும் எச்சத்தைப் பாருங்க. கூண்டுக்கு அடியில வெள்ளைப் பேப்பர் விரிச்சா நல்லா தெரியும். எச்சத்தைச் சுத்தி பேப்பர்ல எண்ணெய்க் கறை மாதிரி வட்டம் விழுந்து, காஞ்சதுக்கு அப்புறமும் அது மறையாம இருந்தா கொழுப்பு செரிக்கல, நிறுத்துங்க. வயித்துப்போக்கு, வாந்தி, சாப்பாட்டைத் தொடாம இறகை பொம்முன்னு உப்பிக்கிட்டு உக்காந்திருக்கிறது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குறது, இதெல்லாம் அன்னைக்கே டாக்டர் கிட்ட போக வேண்டிய விஷயம்.

எடை வாரத்துக்கு ரெண்டு தடவை. காக்டெயில் அளவு பறவை மூணு நாலு கிராம் ஏறி அங்கேயே நின்னா சொட்டைப் பாதியாக்குங்க, அப்படியும் ஏறினா நிறுத்திடுங்க. இறகுல மாற்றம் தெரிய அவசரப்படாதீங்க. ஏற்கனவே முளைச்ச இறகு செத்த நகம் மாதிரி, நீங்க என்ன குடுத்தாலும் அது மாறாது, அடுத்த தடவை உதிர்ந்து புதுசா வர்ற இறகுல தான் தெரியும். அதுக்கு சில மாசம் ஆகும். உதிர்ற பழைய இறகையும் புது இறகு ஒன்னையும் தேதி போட்டு ஒரு கவர்ல எடுத்து வைங்க. நான் வெச்சிருக்கேன், குட்டியோட பழைய இறக்கை இறகுல குறுக்கால கோடு கோடா வெளிறின வரி இருக்கு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடி கீறின மாதிரி தெரியும், இறகு வளர்ற நேரத்துல உடம்புக்கு முடியாம போன ஒவ்வொரு நாளும் அதுல பதிஞ்சிருக்கு. போன கார்த்திகைல விழுந்த இறகுல அந்த வரி ஒன்னு கூட இல்ல. இப்ப அதுக்கு வாரம் ரெண்டு சொட்டு தான், எடை 95 கிராம், ஹால்ல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு மூணு சுத்து பறந்துட்டு வந்து தோள்ல உக்காருது, வாய் மூடியே தான் இருக்கு.